மலை ஏரிக்கு முதல் தூண்டில் ரீல்: பட்ஜெட்டுக்குள் வாங்க ஒரு வழிகாட்டி

என் வீட்டுப் பரணில் ஒரு ட்ரோலிங் ரீல் கிடக்கிறது. ரீல் என்றால் தூண்டில் நரம்பை (நூலை) சுற்றி வைக்கும் கருவி. கறுப்பு உடம்பு, கைப்பிடிக்கு அடியில் நட்சத்திர வடிவில் ஒரு திருகு, எத்தனை அடி நரம்பு வெளியே போயிருக்கிறது என்று காட்ட மேலே ஒரு சின்ன எண் பெட்டி. பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று ஆன்லைனில் நாலாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கினேன். நீலகிரியின் எமரால்டு அணைக் கரையில் முதல் முறை வீசி எறிந்தபோது ஸ்பின்னர் (சுழலும் தகடு வைத்த செயற்கை இரை) பத்தடி தள்ளி விழுந்தது. நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூல் மட்டும் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. நரம்பு முழுக்கக் குருவிக்கூடு. பிரிக்க ஒரு மணி நேரம் பார்த்தேன், அப்புறம் கத்தரிக்கோலை எடுத்துவிட்டேன்.

அந்த ரீலைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஓடும் படகுக்குப் பின்னால் தூண்டிலை இழுத்துக்கொண்டு போகச் செய்த கருவியைக் கரையில் நின்று எறிந்தால் அது என்ன செய்யும்? புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். வீடியோவில் வெளிநாட்டு ஏரி, படகு, முழங்கை நீள ட்ரவுட் மீன், பக்கத்தில் பளபளவென்று ஒரு ரீல். அதையே தேடிப் பிடித்து வாங்கிவிடுகிறார்கள். நம் மலையில் நமக்குப் படகு கிடையாது, கரைதான். கரைக்கு ஏற்ற நல்ல ரீல் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைத்துவிடும், எதைப் பார்த்து வாங்குவது என்று தெரிந்தால்.

முதலில் அனுமதி

ரீலை வாங்கி வைத்துக்கொண்டு அனுமதி தேடுவது, தாலி வாங்கி வைத்துக்கொண்டு பெண் தேடுகிற கதை. ஊட்டியில் உள்ள மீன்வளத் துறை அலுவலகத்துக்கு ஒரு நடை நேரில் போய் வாருங்கள். எந்த நீர்நிலையில் தூண்டில் போட உரிமம் தருகிறார்கள், எந்த மாதங்களில் கூடாது, ஒரு நாளைக்கு எத்தனை மீன், எந்த அளவுக்குக் கீழே இருந்தால் தண்ணீரிலேயே விட வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விதியும் கட்டணமும் மாறிக்கொண்டே இருப்பவை. போன வருஷம் போய் வந்தவர் சொன்னதை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

அணைகள் மின்வாரியத்துடையவை, சுற்றியுள்ள சோலையும் புல்வெளியும் பெரும்பாலும் வனத்துறையின் காப்புக்காடு, உள்ளே நீந்தும் மீனுக்கு மீன்வளத் துறை. ஒரு கரையில் மூன்று துறை. ஒன்றின் சீட்டைக் காட்டினால் இன்னொன்று ஒப்புக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள் தூண்டிலோடு போகும் நினைப்பே வேண்டாம். கொடைக்கானல் பக்கம் பேரிஜம் ஏரியைப் பார்க்கப் போவதற்கே வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். சமவெளியிலிருந்து ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ வண்டியில் வருபவர்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்திருக்கிறது. அதையும் கிளம்புமுன் பார்த்துவிடுங்கள்.

மீன் தெரிந்தால் ரீல் பாதி தெரிந்த மாதிரி

மலை நீரில் நாம் எதிர்பார்க்கக்கூடியவை முக்கியமாக இரண்டு: வானவில் ட்ரவுட், கெண்டை. இரண்டுமே இந்த மலைக்கு வந்து குடியேறியவை. 1860-களில் ஃபிரான்சிஸ் டே என்ற ராணுவ மருத்துவர் நீலகிரிக்கு ட்ரவுட்டைக் கொண்டுவர முயன்று பார்த்தார், நிலைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகு எச். சி. வில்சன் காலத்தில்தான் வானவில் ட்ரவுட் கால் ஊன்றியது. அவலாஞ்சியில் 1907-ல் குஞ்சு பொரிப்பகம் வந்தது. கண்ணாடிக் கெண்டை 1939-ல் இலங்கையிலிருந்து ஊட்டிக்கு வந்து சேர்ந்தது.

ட்ரவுட்டுக்குத் தண்ணீர் குளிர்ந்திருக்க வேண்டும். ஏறக்குறைய 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதற்குத் திண்டாட்டம். அதனால்தான் அவலாஞ்சி, எமரால்டு, மேல் பவானி என்று உயரத்து நீரிலேயே அதன் பெயர் அடிபடுகிறது. என் கைக்கு வந்தவை பெரும்பாலும் கால் கிலோ, மிஞ்சினால் அரைக் கிலோ. வாய் மென்மை. வெடுக்கென்று இழுத்தால் தூண்டில் முள் சதையைக் கிழித்துக்கொண்டு வெறுமனே திரும்பி வரும். கெண்டை இதற்கு நேர்மாறு. ரப்பர் மாதிரி உதடு, இரண்டு மூன்று கிலோ என்பது ஆச்சரியமில்லை, முள் பட்டதும் தலையைக் கவிழ்த்து ஆழத்தைப் பார்த்து ஓட ஆரம்பிக்கும். (கெண்டைக்கு எல்லோரும் கோதுமை மாவு உருண்டை என்பார்கள். நான் மீந்துபோன ஊட்டி வர்க்கியை நொறுக்கி மாவோடு பிசைகிறேன். அந்த நெய் வாசனைக்காகக் கெண்டை வருகிறதா, இல்லை பாதி வர்க்கியை நானே தின்று பொறுமையாக உட்கார்ந்திருப்பதால் வருகிறதா, சொல்லத் தெரியவில்லை.)

இந்த இரண்டு மீனுக்கும் பொதுவாக ஒரே ரீல் என்றால் அது மூன்று வேலை செய்ய வேண்டும். ஐந்து கிராம் எடையுள்ள சின்ன ஸ்பின்னரை இருபது முப்பது மீட்டர் எறிய விட வேண்டும். ட்ரவுட்டின் வாய் கிழியாதபடி நரம்பை மெல்ல விட்டுக்கொடுக்க வேண்டும். என்றைக்காவது கெண்டை மாட்டி ஓடினால் போக விடுவதற்கு நூறு மீட்டருக்குக் குறையாமல் நரம்பு இருக்க வேண்டும். ட்ரோலிங் ரீல் கடைசி வேலையை அற்புதமாகச் செய்யும், முதல் வேலையில் என்னைப் போலவே கவிழும்.

ட்ரோலிங் ரீல் யாருக்கு?

ட்ரோலிங் என்பது படகை மெல்ல ஓட்டிக்கொண்டே, பின்னால் முப்பது நாற்பது மீட்டர் தள்ளித் தூண்டிலை இழுத்து வருவது. ட்ரவுட்டுக்கு மணிக்கு இரண்டரை முதல் நாலு கிலோமீட்டர் வேகம். ராடு (தூண்டில் கம்பு) கையில் இருக்காது, படகின் ஓரத்தில் ஒரு குழாயில் செருகியிருக்கும். அந்த ரீலின் ஒவ்வொரு உறுப்பும் இதற்காகத்தான். ஸ்பூல் குறுக்காகப் படுத்து, நரம்பு போகும்போது தானும் சுற்றும். கனமான மீனை நேராகச் சுருட்டி எடுக்க அந்த அமைப்பு வலுவானது. மீன் இழுத்தால் கிளிக்கர் என்ற சின்னப் பல் கறகறவென்று கத்தி ஆளைக் கூப்பிடும். நரம்பு ஒரே பக்கம் குவியாமல் இடமும் வலமும் பரப்ப முன்னால் ஒரு வழிகாட்டி ஓடும். 120 அடியில் ஒரு மீன் கிடைத்தால் மறுபடியும் சரியாக 120 அடிக்கே தூண்டிலை விட எண் பெட்டி.

அந்த எண் பெட்டியைப் பற்றி விற்கிறவர் சொல்லாத ஒன்று உண்டு. அது நரம்பை அளப்பதில்லை, ஸ்பூல் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணுகிறது. ஸ்பூல் முழுக்க நரம்பு நிரம்பியிருந்தால்தான் கணக்கு சரி. பாதி நரம்பு மட்டும் சுற்றியிருந்தால் பெட்டி நூறு அடி என்று காட்டும்போது தண்ணீரில் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

உங்களுக்குச் சொந்தப் படகும், அதை ஓட்ட அனுமதியுள்ள நீரும் வேறெங்காவது இருந்தால் ட்ரோலிங் ரீல் வாங்குங்கள். எண் பெட்டி வைத்த ரகத்தில் ஒகுமா மேக்டா, டைவா அக்யூடெப்த் போன்றவை வெளிநாட்டில் குறைந்த விலை ரீல்களாகப் பேசப்படுபவை. கப்பலேறி இங்கே வந்து சேர்வதற்குள் அந்தப் பெயர் போய்விடும். அப்போது எண் பெட்டியையே விட்டுவிடலாம். அது இல்லாத சாதா ட்ரோலிங் ரீலை வாங்கி, நரம்பில் பத்து மீட்டருக்கு ஒரு முறை அழியாத மையால் கோடு போட்டுக்கொண்டால் அதே வேலை நடக்கும். விட்டுக்கொடுக்கக் கூடாதது டிராக், அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை நழுவ விட்டு அறாமல் காக்கும் பிரேக்.

நம் ஊரில்? ஊட்டி ஏரி, பைக்காரா, கொடைக்கானல் ஏரி எல்லாவற்றிலும் ஓடுபவை சுற்றுலாப் படகுகள். குடும்பத்தோடு உட்கார்ந்து போட்டோ எடுக்கிறவர்களுக்கு நடுவில் தூண்டிலை வாலாகக் கட்டிக்கொண்டு போகும் வேலை அங்கே நடக்காது.

ஆனால் ஒரு குறுக்குவழி இருக்கிறது, இதை எனக்குக் காட்டியவர் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு அண்ணன். "படகு நகரணும்னு யாருடா சொன்னது? நீ நகரு" என்றார். தண்ணீரில் எறிந்துவிட்டு, ராடைக் கரைக்கு வெளியே நீட்டிப் பிடித்தபடி, கரையோரமாக நிதானமாக ஐம்பது அறுபது அடி நடப்பார். ஸ்பின்னர் கரைக்கு இணையாக நீந்திக்கொண்டே கூட வரும். மெதுவாக நடக்கும் மனிதனின் வேகமும் ட்ரோலிங் படகின் வேகமும் ஏறக்குறைய ஒன்றுதான். மரமில்லாத புல்வெளிக் கரையில் இது நன்றாக நடக்கும். மின் உற்பத்திக்குத் தண்ணீர் விடுவதால் அணையின் மட்டம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இறங்கிய நாளில் ஈரச் சேறும் அடிக்கட்டைகளும் தலைகாட்டினால் நடக்காதீர்கள். கால் புதையும், முள் கட்டையில் மாட்டும். இந்த நடைக்கு ட்ரோலிங் ரீல் தேவையில்லை, சாதா ஸ்பின்னிங் ரீலே போதும்.

அளவு: 2500

ஸ்பின்னிங் ரீலில் ஸ்பூல் ராடின் போக்கிலேயே அசையாமல் நிற்கும். எறியும்போது நரம்பு சுருள் சுருளாக அவிழ்ந்து போகும், சுருட்டும்போது ஒரு வளையம் சுற்றிவந்து நரம்பை ஏற்றும். ஸ்பூல் சுற்றாததால் குருவிக்கூடு அபாயம் மிகக் குறைவு, லேசான ஸ்பின்னரும் தூரம் போகும். புதியவருக்கு இதுதான்.

பெட்டியில் 1000, 2000, 2500, 4000 என்று எண் இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறினாலும் எண் ஏறினால் ரீல் பெரிது என்பது பொது. நம் வேலைக்கு 2500. கால் மில்லிமீட்டர் தடிப்புள்ள நரம்பு ஏறக்குறைய 150 மீட்டர் கொள்ளும், எடை 250 முதல் 300 கிராம். 1000 ட்ரவுட்டுக்கு மட்டும் அழகு, கெண்டை ஓடினால் நெஞ்சு படபடக்கும். 4000 சமவெளி அணைக்குச் சரி, ஆறடி லேசான ராடில் மாட்டினால் மணிக்கட்டு வலிக்கும்.

பல்விகிதம் 5.2:1 என்பது போலப் போட்டிருப்பார்கள். கைப்பிடி ஒரு சுற்றுக்கு வளையம் ஐந்து சுற்றுக்குக் கொஞ்சம் மேல் என்று பொருள். இந்த அளவு ரீலில் அப்படியானால் ஒரு சுற்றுக்கு எழுபது சென்டிமீட்டர் போல நரம்பு உள்ளே வரும். போதும். 6:1-க்கு மேலே போகும் வேக ரீல்களில் புதியவர்கள் பதற்றத்தில் சுருட்டுவார்கள், ஸ்பின்னர் ஆழத்தில் வராமல் தண்ணீரின் தோலில் ஓடும்.

கடையில் கையில் எடுத்ததும்

கோவையில் ஒரு கடையில் எனக்கு நடந்த பேச்சு இது.

"பதினாலு பேரிங்குங்க சார். வெண்ணெய் மாதிரி ஓடும்."

"டிராக் எப்படிங்க?"

"பத்து கிலோங்க! சுறாவே வந்தாலும் நிக்கும்."

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டு எண்ணும் நமக்கு உதவாதவை. மலிவான ரீலில் பதினாலு பேரிங் வைத்தால் ஒவ்வொன்றும் எவ்வளவு மலிவாக இருக்க வேண்டும் என்று யோசியுங்கள். ஈரம் பட்டதும் கறகறக்க ஆரம்பிப்பவை அவைதான். நல்ல பேரிங் மூன்று நான்கு இருந்தால் போதும். பத்து கிலோ டிராக்? நம் நரம்பே மூன்றரைக் கிலோவில் அறுந்துவிடும். நமக்கு வேண்டியது ஒரு கிலோ அளவில் வழவழப்பாக நழுவும் டிராக்.

டிராக் என்பது ஸ்பூலின் தலையில் உள்ள திருகுக்கு அடியில் இருக்கும் வட்டத் தகடுகள். மீன் அளவுக்கு மீறி இழுத்தால் அவை நழுவி, ஸ்பூலைச் சுற்ற விட்டு, நரம்பு அறாமல் காப்பாற்றும். சைக்கிள் பிரேக் மாதிரிதான். மோசமான பிரேக் முதலில் பிடிக்காது, பிடித்தால் ஆளைத் தூக்கி எறியும். மோசமான டிராக்கும் அப்படியே: முதலில் ஒட்டிக்கொண்டு நிற்கும், பிறகு வெடுக்கென்று விடும். அந்த ஒரு வெடுக்கில்தான் ட்ரவுட்டின் வாய் கிழிகிறது.

அதனால் கடையில் முதலில் செய்ய வேண்டியது இது. ஒரு முழம் நரம்பைச் சுற்றித் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஸ்பூலின் ஓரத்தை விரலால் சுற்றுங்கள். திருகைத் தளர்த்தி மெல்ல இழுங்கள், பிறகு கால் சுற்று கால் சுற்றாக இறுக்கிக்கொண்டே இழுங்கள். நகர ஆரம்பிக்கும் நொடியில் தேவைப்படும் பலமும், நகர்ந்துகொண்டிருக்கும்போது தேவைப்படும் பலமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் நல்ல டிராக். விக்கி விக்கி வந்தால் பேரிங் எண்ணிக்கை எத்தனையானாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கால் சுற்றுத் திருகலிலேயே ஒன்றுமில்லாததிலிருந்து முழு இறுக்கத்துக்குத் தாவுகிற டிராக்கும் வேண்டாம். குளிரில் மரத்த விரலால் அதைச் சரிசெய்ய முடியாது.

அடுத்தது கைப்பிடி. சுண்டுவிரலால் மிக மெதுவாகச் சுற்றுங்கள். வேகமாகச் சுற்றினால் எல்லா ரீலும் நன்றாகத்தான் ஓடும். மெதுவாகச் சுற்றும்போதுதான் பல் எங்கே தட்டுகிறது என்று விரலுக்குத் தெரியும். கடையில் சத்தமாக இருந்தால் ரீலைத் தாடை எலும்பில் வைத்துச் சுற்றிப் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும்.

நரம்பை ஏற்றும் கம்பி வளையத்தைத் திறந்து கையால் மூடுங்கள். பத்து முறை. ஒவ்வொரு முறையும் ஒரே "டக்". வளையத்தின் ஓரத்தில் நரம்பு திரும்பும் இடத்தில் ஒரு சின்ன உருளை இருக்கும். அது சுற்றுகிறதா என்று நரம்பை மேலே போட்டு இழுத்துப் பாருங்கள். சுற்றாத உருளை நரம்பை அரம் போல ராவிவிடும். மலிவு ரீல்களில் நான் கண்ட முதல் கோளாறு இதுதான், யாரும் பார்க்காத இடமும் இதுதான்.

கைப்பிடியைப் பின்னோக்கித் திருப்பிப் பாருங்கள். உடனே நிற்க வேண்டும். கால்வாசி சுற்று போய் "டொக்" என்று நின்றால் முள் தைக்கும்போது அவ்வளவு நரம்பு வீண். கடைசியாக ஸ்பூலின் உதட்டைச் சுற்றி நகத்தை ஓட்டுங்கள், பிசிறு இருக்கக் கூடாது. கைப்பிடி இடம் வலம் மாற்றிப் போட முடிகிறதா என்றும் கேளுங்கள். ஸ்பின்னிங் ரீலில் பெரும்பாலும் முடியும்.

விலையைப் பொறுத்தவரை என் தனிப்பட்ட கணக்கு இது. ராடு, ரீல், நரம்பு, ஸ்பின்னர் எல்லாம் ஒரே கவரில் ஆயிரம் ரூபாய்க்கு வருவது குழந்தைக்குப் பிறந்தநாள் பரிசு. ரீலுக்கு மட்டும் ஆயிரத்து ஐந்நூறிலிருந்து இரண்டாயிரத்து ஐந்நூறு ஒதுக்கினால் ஷிமானோ, டைவா, ஒகுமா மாதிரிக் கம்பெனிகளின் அடிமட்ட ரகத்துக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். பெரிய கம்பெனியின் கடைசி ரகம், பெயர் தெரியாத கம்பெனியின் முதல் ரகத்தைவிட நீடித்து உழைப்பதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு மேலே கொடுக்கும் பணம் உங்கள் சந்தோஷத்துக்கு. ட்ரவுட்டுக்கு வித்தியாசம் தெரியாது.

ஆன்லைனில் வாங்கினால் மேலே சொன்ன எல்லாவற்றையும் பெட்டி பிரித்த அன்று இரவே செய்துவிடுங்கள். திருப்பி அனுப்பும் நாள் முடிந்த பிறகு எமரால்டு கரையில் போய்க் கண்டுபிடிப்பது என் பழக்கம். உங்களுக்கு வேண்டாம்.

நரம்பு

ரீலில் மிச்சம் பிடித்த பணத்தை இங்கே போடுங்கள். கால் மில்லிமீட்டர் தடிப்பில், 8 பவுண்டு (தாங்கும் பலம்) என்று குறித்த ஒற்றை இழை நைலான். பின்னல் நரம்பு இழுபடாது, அதனாலேயே ட்ரவுட்டின் வாய்க்குக் கடுமை. புதியவர் கையில் நைலானின் மீள்தன்மை ஒரு காப்பீடு. நைலானுக்குக் குளிரில் ஒரு குணம் உண்டு. விறைத்து, ஸ்பூலில் இருந்த வளைவை மறக்காமல் ஸ்பிரிங் மாதிரி சுருண்டு வரும். ஜனவரி காலை உறைபனியில் கடையின் பழைய நரம்பு செய்யும் கூத்தைப் பார்த்தால் புரியும். "மென்மை ரகம்" என்று கேட்டு வாங்குங்கள், வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

ஏற்றும்போது நரம்புச் சுருளைத் தரையில் படுக்க வைத்து, விரலால் நரம்பை லேசாகப் பிடித்து இறுக்கம் கொடுத்து, இருபது சுற்று ஏற்றியதும் நிறுத்துங்கள். நரம்பைத் தளர விட்டால் முறுக்கிக்கொள்கிறதா? ஆம் என்றால் சுருளைக் குப்புறப் போட்டுத் தொடருங்கள். ஸ்பூலின் உதட்டுக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே நிறுத்துங்கள். குறைத்து ஏற்றினால் தூரம் போகாது, பொங்க ஏற்றினால் கொத்தாக அவிழும்.

டிராக்கின் இறுக்கத்தை வீட்டிலேயே சரிசெய்துகொள்ளுங்கள்

நரம்பின் பலத்தில் கால்வாசி முதல் முப்பது சதவீதம் வரை என்பது பழைய கணக்கு. 8 பவுண்டு என்றால் சுமார் 3.6 கிலோ, ஆக டிராக் ஒரு கிலோ. ராடு வேண்டாம், ரீலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, நரம்பின் நுனியில் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசை மாட்டி இழுங்கள். தராசு ஒரு கிலோ காட்டும்போது நழுவ ஆரம்பித்தால் சரி. தராசு இல்லாவிட்டால் ஒரு கிலோ கல்லுப்புப் பொட்டலத்தைப் பையில் போட்டுக் கட்டித் தூக்குங்கள். தரையை விட்டுக் கிளம்பிய உடனே மெல்ல இறங்க வேண்டும். ட்ரவுட் மட்டும்தான் என்றால் இன்னும் கொஞ்சம் தளர்த்தலாம்.

கெண்டை ஓடும்போது ஒன்றை மறக்க வேண்டாம். ஸ்பூலில் நரம்பு குறையக் குறையச் சுற்றளவு சிறுக்கும். திருகைத் தொடாமலே டிராக் இறுகும். பாதி நரம்பு போன பிறகு பயந்து இன்னும் இறுக்குகிறவர்கள்தான் அறுத்துக்கொள்கிறார்கள். அந்த நேரத்தில் கால் சுற்று தளர்த்துங்கள்.

இன்னொன்று: மீன் நரம்பை உருவிக்கொண்டிருக்கும்போது கைப்பிடியைச் சுற்றாதீர்கள். ஸ்பின்னிங் ரீலில் ஒவ்வொரு வீண் சுற்றுக்கும் நரம்பில் ஐந்து முறுக்கு ஏறும். ராடை மெல்லத் தூக்கி மீனைக் கிட்டே கொண்டுவாருங்கள், ராடை இறக்கும்போது சுற்றுங்கள். நிற்கிறதா, தூக்கு. வருகிறதா, சுற்று. ஓடுகிறதா, சும்மா இரு. பக்கத்து வீட்டு அண்ணன் எனக்குச் சொல்லிக்கொடுத்த வரிசை இவ்வளவுதான், அதையும் அவர் பீடி பற்றவைத்துக்கொண்டே சொன்னார்.

பனி, மூடுபனி, எண்ணெய்

முத்தோரை பாலாடா தாண்டி எமரால்டு போகும் காலைப் பஸ்ஸில் இருந்து இறங்கும்போதே ரீல் நனைந்திருக்கும். மழையே தேவையில்லை, மூடுபனி போதும். குளிரில் தடித்த கிரீஸ் மெழுகாகிவிடும். கைப்பிடியைப் பின்னால் போக விடாமல் பிடிக்கும் ஒருவழி பேரிங்கில் அந்தக் கிரீஸ் இருந்தால் அது பிடிக்காமல் வழுக்கும். முள் தைக்க ராடை ஓங்கும் நொடியில் கைப்பிடி பின்னால் சுற்றினால் பதற வேண்டாம். ரீலை ஸ்வெட்டருக்குள் ஐந்து நிமிஷம் வைத்திருந்தால் சரியாகிவிடும். வண்டிக்குப் போடும் கிரீஸை ரீலில் அப்புகிறவர்களுக்குத்தான் இது அடிக்கடி நடக்கும்.

தேங்காய் எண்ணெயைத் தொடவே தொடாதீர்கள். சமவெளிக்காரர்கள் எல்லாவற்றுக்கும் அதைத்தான் எடுப்பார்கள். ஊட்டியில் தலைக்கு வைக்கவே பாட்டிலை வெயிலில் வைத்து உருக்க வேண்டியிருக்கிறது, ரீலுக்குள் உறைந்தால் எங்கே வைத்து உருக்குவது? தையல் மெஷின் எண்ணெய் ஒரு சின்ன டப்பா போதும். கைப்பிடித் தண்டில் ஒரு சொட்டு, கைப்பிடிக் குமிழில் ஒரு சொட்டு, நரம்பு திரும்பும் உருளையில் ஒரு சொட்டு. மாதம் ஒரு முறை. டிராக் தகடுகளில் மட்டும் எண்ணெய் படக் கூடாது. அங்கே பட்டால் வழவழப்பாகப் போக வேண்டியது வழுக்கிக்கொண்டு போகும்.

வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் சேற்றைத் துடைத்து, காய்ந்த துணியால் இன்னொரு முறை துடையுங்கள். குழாயடியில் பிடித்துக் கழுவ வேண்டாம், தண்ணீர் அழுக்கை உள்ளே தள்ளும். ஸ்பூலைக் கழற்றி ஒரு இரவு அடுப்பங்கரையில், அடுப்புக்குப் பக்கத்தில் அல்ல, சற்றுத் தள்ளி வையுங்கள். வெட்டியெடுத்த நரம்புத் துண்டுகளைக் கரையில் விட்டு வராமல் சட்டைப் பையில் சுருட்டிக் கொண்டுவாருங்கள். அதில் கால் மாட்டிய நீர்க்கோழியை விடுவிக்க நான் ஒரு முறை முழங்கால் தண்ணீரில் இறங்கியிருக்கிறேன், ஜனவரியில்.

அலமாரியில் வைக்குமுன் டிராக் திருகை முழுக்கத் தளர்த்திவிடுங்கள். இறுக்கியபடி மாதக்கணக்கில் விட்டால் தகடுகள் அமுங்கி ஒட்டிக்கொள்ளும், அடுத்த முறை விக்க ஆரம்பிக்கும். அடுத்த முறை கிளம்பும் முன்னிரவு மறுபடியும் உப்புப் பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.